நீலக் கறை

எங்கள் கிராமத்துக்கு மின்சாரம் வராத காலத்தில், வீட்டு அரிக்கேன் விளக்குகளைத் துடைத்து வைப்பது என் பொறுப்பாக இருந்தது. அந்தி மயங்குவதற்கு முன்னால் நான்கு விளக்குகளையும் திண்ணையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சிம்னிக்குள் பழந்துணியைத் திணித்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் திருகித் திருகித் தேய்த்தால், முதல் நாள் புகை அவ்வளவும் துணியோடு வந்துவிடும். கடைசியில் விரலில் கொஞ்சம் விபூதியைத் தொட்டுக்கொண்டு ஒரு தேய்ப்பு. கண்ணாடி இருக்கிறதா, இல்லையா என்று சந்தேகம் வரும்படி சுத்தமாகிவிடும். பாட்டி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவன் கை பட்டால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும்" என்பாள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் என்ன வேண்டும்?

இந்தக் கைவரிசையைத்தான் ஒரு நாள் சித்தப்பாவின் காமிராவில் காட்டினேன்.

சித்தப்பாவுக்குக் கல்கத்தாவில் உத்தியோகம். 1950-களின் நடுவில் ஒரு கோடையில் அவர் ஊருக்கு வந்தபோது கழுத்தில் தோல் உறை போட்ட காமிரா ஒன்று தொங்கிற்று. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். மத்தியானம் வீடே தூங்கிக்கொண்டிருந்த வேளையில் நான் அந்த உறையைத் திறந்து பார்த்தேன். லென்ஸின் மேல் ஊதாவும் நீலமுமாக ஏதோ படர்ந்திருந்தது. தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் மினுமினுக்குமே, அந்த மாதிரி நிறம். 'கல்கத்தா அழுக்கு' என்று தீர்மானித்துவிட்டேன். சித்தப்பா எழுந்திருப்பதற்குள் துடைத்து வைத்து அவரைத் திகைக்கச் செய்யவேண்டும் என்று ஆசை. துண்டின் நுனி, ஒரு சிட்டிகை விபூதி, வட்ட வட்டமாகத் தேய்ப்பு. சுலபத்தில் போகவில்லை. விட்டேனா? அரை மணி நேரம் தேய்த்தேன். கடைசியில் நடுவில் இருந்த நீலம் போயே போய்விட்டது. ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வளையம் மிஞ்சிற்று.

அன்று சாயங்காலம் சித்தப்பா பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நீலக் கறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அது அழுக்கு அல்ல என்று எனக்குத் தெரிய வந்தபோது நான் குடும்பஸ்தன் ஆகிவிட்டிருந்தேன். அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக் கதை ஒன்று இருந்தது.

இங்கிலாந்தின் வடக்கே யார்க் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அங்கே 1837-இல் தாமஸ் குக் என்பவர் கண்ணாடி தேய்க்கும் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரில் வளர்ந்த கம்பெனியின் தொலைநோக்கிகள் உலகமெங்கும் போயின. 1890-களில் அந்தக் கம்பெனியில் லென்ஸ்களை வகுத்துக் கொடுக்கும் பொறுப்பு டென்னிஸ் டெய்லர் என்பவரிடம் இருந்தது. பழைய தொலைநோக்கி லென்ஸ்கள் அவர் கண்ணில் அடிக்கடி பட்டன. வருஷக்கணக்கில் காற்றும் ஈரமும் பட்டதனால், முக்கியமாக ஈயம் கலந்த கண்ணாடியில், களிம்பு மாதிரி ஒரு மங்கல் படிந்திருக்கும். சொந்தக்காரர்களுக்கு அதைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய பொருளில் கறை ஏறினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? மறுபடியும் பட்டை தீட்டித் தர வேண்டும் என்பார்கள்.

டெய்லர் செய்த காரியம் என்னவென்றால், கறையைக் கண்டதும் துடைக்காமல் அதை அளந்து பார்த்ததுதான். அளந்தபோது வியப்பான விஷயம் ஒன்று வெளிப்பட்டது. கறை படிந்த கண்ணாடி வழியாகப் போன வெளிச்சம், புத்தம் புதிதாகத் தீட்டிய கண்ணாடி வழியாகப் போன வெளிச்சத்தைவிட அதிகமாக இருந்தது! விஞ்ஞானி ராலே பிரபுவும் 1886-இல் இப்படி ஒன்றைக் கண்டிருந்தார். ஆனால் அதைத் தொழில்காரனின் கண்ணோடு பார்த்தவர் டெய்லர். தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்காக அவர் எழுதிய கைப்புத்தகத்தில், இந்த மங்கலைக் கண்டு பயப்படவேண்டாம், இது உங்களுக்கு நன்மை செய்வதுதான் என்று தைரியம் சொன்னார். கண்ணாடி தேய்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனியிலிருந்து ஒருவர் "தேய்க்காதே" என்று சொன்னாரே, அந்த நேர்மையை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

கறை எப்படி வெளிச்சத்தைக் கூட்டும் என்று கேட்பீர்கள். கூட்டவில்லை, வீணாகாமல் தடுக்கிறது. ராத்திரியில் ரெயில் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் தெரிகிறதல்லவா? கண்ணாடியில் விழும் வெளிச்சத்தில் 100-க்கு 4 பங்கு உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடுகிறது. அதனால்தான் முகம் தெரிகிறது. ஒரு பக்கத்துக்கு 4 பங்கு. நான்கு கண்ணாடிகள் சேர்ந்த லென்ஸில் எட்டுப் பக்கங்கள். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வழிப்பறி செய்தால், கடைசியில் போய்ச் சேருவது 72 பங்குதான். அதோடு போகட்டும் என்றால், திரும்பிய வெளிச்சம் சும்மாவும் இருப்பதில்லை. கண்ணாடிக்குக் கண்ணாடி மோதி, உள்ளேயே அலைந்து, படத்தின் மேல் பனிமூட்டம் போல் பரவிவிடுகிறது.

இப்போது அந்தக் கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படலத்தின் மேற்புறத்தில் பட்டு ஓர் ஒளியலை திரும்புகிறது. அடியில் இருக்கும் கண்ணாடியில் பட்டு இன்னொன்று திரும்புகிறது. கோயில் குளத்தில் இரண்டு கல்லைப் போட்டால் இரண்டு அலை வட்டங்கள் சந்திக்கும் இடத்தில், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து தண்ணீர் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். படலத்தின் கனம் சரியாக அமைந்துவிட்டால் திரும்பும் இரண்டு அலைகளும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. திரும்ப வழியில்லாத வெளிச்சம் முன்னே போகிறது. அதற்கு வேண்டிய கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 10,000-இல் ஒரு பங்கு. காலம் என்ற கைவினைஞன் பழைய லென்ஸ்களின் மேல் தானாகவே அந்தப் படலத்தைப் போட்டுவிட்டிருந்தான்.

இந்த டெய்லருக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் புகைப்படத் தகட்டில் பதியும் ஒளியும் ஒரே இடத்தில் குவியும்படி ஒரு தொலைநோக்கி லென்ஸை அவர் வகுத்திருந்தார். அந்த வகையில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள குக் கம்பெனி லென்ஸ் ஒன்று கோடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தது. அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம் பிடித்து வந்தார்களே, அந்த வேலையில் சூரிய பிம்பத்தைக் குவித்துக் கொடுத்தது அந்த லென்ஸ்தான். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுச் சூரியன் அந்தக் கண்ணாடி வழியாகத் தகடுகளில் இறங்கியிருக்கிறான். கோடைக்கானலின் மேகமும் ஈரமும் தெரிந்தவர்களுக்கு, அந்த இடத்தில் ஒரு கண்ணாடியை இத்தனை காலம் காப்பாற்றுவது எவ்வளவு பொறுமையான காரியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

காலம் செய்ததை மனிதன் செய்ய முடியாதா என்று டெய்லர் முயன்று பார்த்தார். ரசாயனங்களைக் கொண்டு கண்ணாடிக்குச் செயற்கையாகக் கறை ஏற்றும் முறைக்கு 1904-இல் உரிமை பெற்றார். ஆனால் ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் ஒவ்வொரு விதமாகக் கறைப்பட்டது. ஒன்றில் நன்றாக வந்தது, மற்றொன்றில் பிசகிற்று. முப்பது வருஷம் போல் விஷயம் அப்படியே கிடந்தது.

அப்புறம் 1935-இல் ஜெர்மனியில், ஜேனா நகரத்து ஸைஸ் கம்பெனியில், அலெக்ஸாண்டர் ஸ்மகூலா வேறு வழி கண்டார். காற்றை வெளியேற்றிய பாத்திரத்துக்குள் ஓர் உப்பைச் சூடாக்கி ஆவியாக்கினால், அது மேலே வைத்த லென்ஸில் பனி மாதிரி சீராகப் படியும். கண்ணாடியைக் கெடுக்கவேண்டியதில்லை, மேலே ஒரு சட்டை போட்டால் போதும். ஜெர்மன் ராணுவம் உடனே அதை ரகசியமாக்கிவிட்டது. அந்திக் கருக்கலில் எதிரியைவிட நாலு நிமிஷம் அதிகமாகப் பார்க்க முடிகிற தூரக்கண்ணாடி என்றால் சும்மா விடுவார்களா?

அமெரிக்காவிலும் இதே தேடல் நடந்தது. அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் காதரின் பிளாட்ஜெட் என்ற பெண்மணி இருந்தார். கேம்பிரிட்ஜில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான், அது 1926-இல். தண்ணீரின் மேல் சோப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளை, ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி, அதில் கண்ணாடியை முக்கி எடுப்பார். ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்கு ஒட்டிக்கொள்ளும். 44 அடுக்குகள் ஆனதும் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது! வெளிச்சத்தில் 99 பங்கு ஊடுருவிற்று. 1938-இல் இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தபோது 'மாயக் கண்ணாடி' என்று ஜனங்கள் பிரமித்தார்கள்.

ஆனால் அந்த மாயத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தால் போதும். 44 அடுக்கும் போய்விடும். ஆவியாகப் படிய வைத்த படலங்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் மென்மையாக இருந்தன. யுத்த வருஷங்களில்தான், லென்ஸைச் சூடாக்கி வைத்துக்கொண்டு படலத்தைப் படியச் செய்தால் அது இறுகி நிற்கும் என்று கண்டுபிடித்தார்கள். அப்படியும் உள்பக்கம் உள்ள கண்ணாடிகளுக்கு, யார் கையும் படாது என்ற தைரியத்தில், மென்மையான படலம் போடுகிற வழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. ஊதாவும் நீலமுமாக மினுக்கும் அந்த நிறம்தான் படலத்தின் அடையாளம். அரை நூற்றாண்டு யோசனையும், பல பேருடைய ஆயுளும், ஓர் உலக யுத்தமும் சேர்ந்து லென்ஸின் மேல் எழுதிய கையெழுத்து அது. அதைத்தான் நான் விபூதி போட்டு அழித்தேன்.

நான் மட்டுமா? யுத்தம் முடிந்து இந்தக் காமிராக்கள் சாதாரண மனிதர்களின் கைக்கு வந்ததும், எத்தனை பேர் வேஷ்டி நுனியாலும் புடைவைத் தலைப்பாலும் கழுத்துப் பட்டையாலும் துடைத்துத் துடைத்து லென்ஸைக் கெடுத்திருப்பார்கள்! பழைய காமிராக் கடைக்குப் போய், லென்ஸை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரியும். அவை தூசி போட்ட கீறல்கள் அல்ல, தூசியைத் துடைத்த கை போட்டவை.

காரணம் எளிது. நம் தெருப் புழுதியிலும் கடற்கரை மணலிலும் இருப்பது பெரும்பாலும் படிகக் கல்லின் பொடி. மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் வகுத்த கடினத்தின் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால், படிகக் கல்லுக்கு 7. கண்ணாடி 5-க்கும் 6-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. ஆகவே ஒரு மணல் துகள் லென்ஸின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் வரையில் அது விருந்தாளி. அதன் மேல் துணியை வைத்து அழுத்தினோமானால் கையில் உளியைக் கொடுத்தது மாதிரி.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்து வைத்த ஊதுகுழலால் நாலு தடவை காற்றடிக்க வேண்டும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். டப்பியில் அடைத்த காற்றும் உதவாது. டப்பியைச் சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவம் கண்ணாடியில் பீச்சிவிடும். காற்றுக்கு அசையாத தூசியை, வேறு எதற்கும் உபயோகிக்காத மெல்லிய தூரிகையால் தள்ளிவிட வேண்டும். அநேகமாக வேலை இதோடு முடிந்துவிடும். விரல் ரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மட்டும் மூன்றாவது படி. அதற்கென்றே உள்ள தாளிலோ துணியிலோ, துடைக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக, இறகால் வருடுவது போல் ஒரே ஒரு தடவை. திரவத்தை லென்ஸின் மேல் நேராக விட்டால் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். இந்தக் காலத்தில் மைக்ரோஃபைபர் என்று நல்ல துணி கிடைக்கிறது. அதுவும் ஒரு தடவை தரையில் விழுந்துவிட்டால், துவைக்கும் வரையில் உப்புத்தாள்தான்.

இந்த வரிசை பூமிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1971-இலும் 1972-இலும் அப்போலோ 15, 16, 17 பயணங்களில் சந்திரனுக்குப் போனவர்கள் ஒரு மோட்டார் வண்டியையும், அதன் முன்புறத்தில் ஒரு டெலிவிஷன் காமிராவையும் கொண்டு போனார்கள். காமிராவைத் திருப்பியது பூமியில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆனால் லென்ஸில் படியும் சந்திரத் தூசியைத் தட்டுவதற்கு ஒரு கை அங்கேயே வேண்டியிருந்தது. வண்டி நிற்கும் இடங்களில், கோடிக்கணக்கான டாலர் செலவில் அங்கே போன வீரர், கையில் தூரிகையை எடுத்து லென்ஸின் தூசியைத் தட்டுவார்.

சந்திரத் தூசி பொல்லாதது. நம் மணலைக் காற்றும் தண்ணீரும் யுக யுகமாக உருட்டி மழுக்கியிருக்கின்றன. அங்கே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. விண்கற்கள் மோதி உடைந்த துகள்கள், உடைந்த கூர்மையோடு அப்படியே கிடக்கின்றன. 1972 டிசம்பரில் அப்போலோ 17-இல் போன ஹாரிஸன் ஷ்மிட் என்ற பூகர்ப்ப அறிஞரின் தலைக்கவசத்துச் சூரியத் தடுப்பு, தூசியும் தேய்ப்புமாகக் கீறிப் போனதில், சில திசைகளில் பார்க்கவே முடியாமல் போயிற்று. இரண்டரை லட்சம் மைலுக்கு அப்பாலும் கதை மாறவில்லை.

அப்படியானால் எந்த மாசையும் தொடாமல் விட்டுவிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. இதற்கு நேர் மாறான ஒரு பாடத்தை இரண்டாவது உலக யுத்தம் நியூகினித் தீவில் கற்றுக்கொடுத்தது. அங்கே மழைக்காட்டுப் புழுக்கத்தில், தூரக்கண்ணாடிகளுக்கும் பீரங்கிக் குறிநோக்கிகளுக்கும் உள்ளே பூசணம் பூத்தது. கண்ணாடியைப் பூசணம் தின்னுமா என்று சிரிக்கலாம். கண்ணாடியைத் தின்னவில்லை, அதில் ஒட்டியிருக்கும் தூசு, நூல், பிசுக்கு இவற்றைத் தின்று, அமிலத்தை உமிழ்ந்துவிட்டுப் போகிறது. அந்த அமிலம் கண்ணாடியை அரித்துவிடுகிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் டர்னரும் அவரைச் சேர்ந்தவர்களும், செடிகொடிகளை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பூசணத்தைப் பிடித்துக்கொண்டு, யுத்தகாலத்தில் அதற்குப் பரிகாரம் தேடினார்கள்.

நம்முடைய கடலோர ஊர்களில் காமிரா வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூசணத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோல் உறைக்குள் பத்திரமாகப் பூட்டி, மழைக்காலம் முழுதும் பீரோவில் வைத்திருந்து எடுத்துப் பார்த்தால், லென்ஸுக்குள் வெள்ளை வேர் ஓடியிருக்கும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருட்டு பூசணத்துக்குத் தோழன். வெளிச்சமும் காற்றோட்டமும் உலர்ந்த இடமுமே அதற்கு மருந்து. பூசணம் கண்டுவிட்டால் உடனே விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துத் துடைக்கவேண்டும், பொறுத்தால் கெட்டது.

ஆக, துடைக்க வேண்டிய மாசும் இருக்கிறது, துடைக்காமல் விடவேண்டிய மாசும் இருக்கிறது, மாசே அல்லாத மாசும் இருக்கிறது. முன்பக்கத்தில் இரண்டொரு தூசி இருந்தால் படத்தில் அது தெரியவே தெரியாது. பூசணத்துக்கு ஒரு நாள்கூடத் தவணை கிடையாது. நீலப் படலமோ லென்ஸின் உயிர். மூன்றும் கண்ணுக்குக் கறையாகத்தான் தெரிகின்றன. டெய்லர் துணியைத் தேடுவதற்கு முன்னால் அளவுகோலைத் தேடினார். நான் விபூதியைத் தேடினேன். எங்கள் இருவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

பாட்டியின் படத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சித்தப்பா கல்கத்தாவுக்குப் போய்ப் படங்களைக் கழுவி, பிரதிகளைத் தபாலில் அனுப்பினார். பாட்டி திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் மேற்கு வெயில். தூணின் ஓரம் தெரிகிறது, புடைவைக் கரை தெரிகிறது, மடியில் வைத்த கை தெரிகிறது. முகத்தின் மேல் மட்டும் வெண்மையாக ஒரு மூட்டம். அடுத்த ஐப்பசியில் பாட்டி காலமாகிவிட்டாள். அவளை எடுத்த படம் அது ஒன்றுதான்.

மறுவருஷம் சித்தப்பா வந்தபோது அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன்: "ஏன் சித்தப்பா, பாட்டி முகம் மட்டும் சரியாக விழவில்லை?"

அவர் படத்தைப் பார்க்காமலே, "வெளிச்சம் ஜாஸ்தியாக இருந்ததுடா, அப்பா. என் பிசகுதான்" என்றார்.

லென்ஸை அவர் பார்க்காமல் இருந்திருப்பாரா? நீலம் போய் வளையமாக நின்றது அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? அரிக்கேன் துடைக்கும் பையன் வீட்டில் ஒருவன்தான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் கடைசி வரையில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு டெய்லரின் கதையைப் படித்தபோதுதான், சித்தப்பா சொன்னது பொய்யும் அல்ல என்று எனக்குப் புரிந்தது. உள்ளே போக வழியில்லாமல் கண்ணாடிகளுக்கு நடுவில் அலைந்த வெளிச்சம்தான் பாட்டியின் முகத்தை மறைத்திருக்கிறது. வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டார். விஞ்ஞானப்படி அது சரிதான்.

அந்தப் படம் இப்போதும் என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. அதன் கண்ணாடியில் தூசி படியும்போது இறகுத் துடைப்பத்தால் தட்டிவிடுகிறேன். தேய்ப்பதில்லை.